எட்டு மணி நேரம் படுத்தால் போதுமா?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் உறக்க ஆய்வகத்தில் ஆரோக்கியமான ஒன்பது இளம் வயதினரை மூன்று இரவுகள் தூங்க வைத்தார்கள். தலையில் ஒட்டியிருந்த மின்வாய்கள் அவர்களுடைய மூளை அலைகளை இரவு முழுவதும் பதிவு செய்தன. ஆழ்ந்த உறக்கத்துக்கே உரிய பெரிய, மெதுவான அலைகள் தோன்றத் தொடங்கியதும் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் எழும். ஆளை முழுதாக எழுப்பிவிடும் அளவுக்கு அல்ல. ஆழத்துக்குப் போனவரை மேலோட்டமான உறக்கத்துக்கு இழுத்துவரும் அளவுக்கு மட்டும். அவர் மீண்டும் ஆழ்ந்தால் மீண்டும் சத்தம். இப்படியே விடியும்வரை.

எஸ்ரா தசாலி, ஈவ் வான் காட்டர் ஆகியோர் அடங்கிய குழு 2008-ல் இதன் முடிவை வெளியிட்டது. மூன்று இரவுகளிலும் தூங்கிய மொத்த நேரம் குறையவில்லை. ஆனால் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன் ஏறத்தாழ 25 சதவீதம் சரிந்திருந்தது. தேவைப்படும் அளவுக்குக் கணையத்தால் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டவும் முடியவில்லை. சர்க்கரை நோய்க்கு வழிவிடும் மாற்றங்கள் இவை. சாப்பாடு மாறவில்லை, எடை கூடவில்லை. ஆழ்ந்த உறக்கம் ஒன்றை மட்டும்தான் எடுத்துவிட்டார்கள்.

உறக்கத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் நாம் உறக்கத்தை மணிக்கணக்கில் மட்டுமே அளந்து பழகியிருக்கிறோம். பத்து மணிக்குப் படுத்தேன், ஆறு மணிக்கு எழுந்தேன், எட்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்கை முடித்துவிடுகிறோம். அந்த எட்டு மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. உடல்நலம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

உறக்கம் ஒரே சீரானது அல்ல. கண்ணயர்ந்ததும் மேலோட்டமான உறக்கம், பிறகு சற்று நிலைபெற்ற உறக்கம், அதன் பின் ஆழ்ந்த உறக்கம் என்று இறங்கி, மறுபடி மேலேறி, கனவு உறக்கத்துக்கு வருகிறோம். இது ஒரு சுற்று. ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஓர் இரவில் நான்கிலிருந்து ஆறு சுற்றுகள் வரை அமையும். கனவு உறக்கத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக உருளும். சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் 1953-ல் அதை உலகுக்குச் சொன்னார்கள். அதுவரை உறக்கம் என்றால் மூளை அணைந்து கிடக்கும் நேரம் என்றுதான் பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள்.

இந்தச் சுற்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோனின் பெரிய சுரப்பு அப்போதுதான் நிகழ்கிறது. இதயத் துடிப்பு தணிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. பின்பாதியில், குறிப்பாக விடியலை ஒட்டி, கனவு உறக்கம் நீள்கிறது. ஆகவே நள்ளிரவு தாண்டிப் படுப்பவரும் மூன்று மணிக்கே எழுந்துவிடுபவரும் ஒரே அளவு நேரத்தை இழந்தாலும், இழக்கும் சரக்கு வேறு வேறு.

பிளஸ் டூ மாணவர் இருக்கும் வீட்டில் இதை எளிதாகப் பார்க்கலாம். இரவு பதினொன்றரை வரை படிப்பு. அம்மா பாலோ காபியோ கொண்டுவந்து வைக்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு அலாரம். விடியற்காலையில் படித்தால் மனத்தில் பதியும் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். எட்டரை மணிக்கே ஊர் உறங்கிப்போன காலத்தில் நான்கு மணிக்கு எழுந்தவருக்கு ஏழரை மணி நேர உறக்கம் முடிந்திருக்கும். அந்தப் பழக்கத்தின் முன்பாதியை விட்டுவிட்டோம். பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதோடு, பதின்ம வயதில் உடலின் உள் கடிகாரமே தள்ளிப்போகிறது. உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் அந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வராது. நான்கு மணிக்கு எழுப்பினால் மூளை விழிக்காது. அதற்குத் தூங்குமூஞ்சி என்று திட்டும் வாங்குகிறான்.

படித்ததைச் சேமித்து வைக்கும் வேலையும் உறக்கத்தில்தான் நடக்கிறது. மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் என்ற இருவர் 1994-ல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். எலி நடமாடும்போது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஒன்றாகத் துடித்த நரம்பணுக்கள், பின்னர் அது ஆழ்ந்து உறங்கும்போதும் சேர்ந்து துடித்தன. பகலில் நடந்ததை மூளை இரவில் மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகளே அடித்தளம். பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று உறக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். தேர்வு மாதத்தில் அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு மதிப்பெண்ணை எதிர்பார்க்கிறோம். இந்த விஷயத்தில் பெற்றோரும் பள்ளிகளும் மனம் மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சர்க்கரை நோய்க்குத் திரும்புவோம். 2008 ஆய்வுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1999-ல், கரின் ஸ்பீகல், வான் காட்டர் குழுவினர் ஆரோக்கியமான பதினோரு இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். ஒரு வாரம்கூட முடியவில்லை. ரத்தத்திலிருந்து சர்க்கரையை அகற்றும் வேகம், நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுடையதைப் போல மந்தமாகிவிட்டது. மாலை வேளையில் தணிய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் தணியவில்லை. பிறகு நன்றாகத் தூங்கவிட்டபோது நிலைமை சீரானது. இளம் உடல் மீண்டுவிடும். ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகத் தூங்கும் ஐம்பது வயது உடலுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. இன்னும் 13.6 கோடிப் பேர் நோயின் விளிம்பில் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் உறக்கக் குறைவே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. உணவு, உடலுழைப்பு, பரம்பரை எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் மருந்துச் சீட்டில் அரிசியைக் குறைக்கச் சொல்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள். இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்ற கேள்வி அபூர்வமாகத்தான் எழுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல்தான் இதய நலத்துக்கான அடிப்படைகளின் பட்டியலில் உறக்கத்தையும் சேர்த்தது.

இதயத்துக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. ஆரோக்கியமான உறக்கத்தில் ரத்த அழுத்தம் பகல் அளவிலிருந்து பத்திலிருந்து இருபது சதவீதம் வரை இறங்கும். ரத்தக் குழாய்களுக்கு நாள் முழுவதிலும் கிடைக்கும் ஓய்வு அதுதான். உறக்கம் உடைந்துகொண்டே இருந்தால் அந்த இறக்கம் நடக்காது. இதில் நம் வீடுகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது குறட்டை. குறட்டை விட்டால் ஆள் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைக்கிறோம். உண்மை பல நேரங்களில் நேர் எதிர். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகும்போது எழும் ஒலி அது. சிலருக்கு அந்தப் பாதை முழுதாகவே அடைபட்டுப் பத்து விநாடிக்கும் மேல் மூச்சு நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறி, உடலை உலுக்கி, ஒரு பெரிய செருமலோடு மூச்சை மீட்டெடுக்கும். அவர் விழித்ததாகவே அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

மணிக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் இப்படி நிகழ்ந்தால் அது நோய். முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய். மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம், காலையில் தலைவலி, பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூங்கிப்போவது எல்லாம் இதன் அடையாளங்கள். எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். அது போதாதவர்களுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி இருக்கிறது. சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1981-ல் அதை அறிமுகப்படுத்தினார். வீட்டில் யாராவது குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால், அதைக் கேலி செய்து கடந்துவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் குழுவினர் 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் கருவி மூலம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு மருந்தாக விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2015-ல் வெளியான முடிவு இது.

மூளையின் கழிவுகளை உறக்கம் கழுவிவிடுகிறது என்று இப்போது எங்கும் பேசுகிறார்கள். மைக்கேன் நெடர்கார்ட் குழுவினர் 2013-ல் எலிகளிடம் கண்டது இதன் தொடக்கம்: உறக்கத்தின்போது மூளை அணுக்களுக்கு இடையிலான வெளி அறுபது சதவீதம் வரை விரிந்து, அல்சைமர் நோயோடு தொடர்புள்ள புரதம் வேகமாக வெளியேறியது. ஆனால் 2024-ல் லண்டனைச் சேர்ந்த வேறொரு குழு, எலிகளின் உறக்கத்தில் இந்த வெளியேற்றம் குறையவே செய்கிறது என்று காட்டியிருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை. இதை முடிந்த உண்மையாக வைத்து மறதி நோய் வரும் என்று பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. உறக்கத்தின் அவசியத்தைச் சொல்ல அதைவிட உறுதியான சான்றுகள் நம்மிடம் இருக்கின்றன.

அவற்றுள் எனக்கு மிகவும் கவலை தருவது, குறைவாகத் தூங்குபவருக்குத் தன் நிலை தெரியாது என்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிஞ்சஸ் ஆகியோர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருந்தவர்கள் இரண்டு வாரங்களில், ஓர் இரவு முதல் இரண்டு இரவுகள்வரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்குக் கவனத் திறனை இழந்திருந்தார்கள். கேட்டால், கொஞ்சம் தூக்கக் கலக்கம் அவ்வளவுதான் என்றார்கள். எனக்கு ஐந்து மணி நேரம் போதும் என்று பெருமையாகச் சொல்பவர்களின் சாட்சியத்தை அதனால்தான் அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இது சாலையில் உயிர்ப் பிரச்சினை. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும் 1997-ல் அளந்து சொன்னார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதிக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, இரவு பதினொன்றுக்குக் குடும்பத்தோடு காரில் ஊருக்குக் கிளம்புபவர், ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டியவருக்கு ஒப்பானவர். ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்க இதற்குக் கருவி கிடையாது.

சரி, உறக்கத்தை எது உடைக்கிறது? கைபேசி என்று உடனே சொல்லிவிடுவோம். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நம் ஊரில் முதல் எதிரி வெக்கை. உறங்கத் தொடங்க உடலின் உள் வெப்பம் சற்று இறங்க வேண்டும். கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விட வேண்டும். வெளியிலும் அதே சூடு இருந்தால் அது எங்கே போகும்? வடசென்னையில் ஒற்றை அறை வீடொன்றை எண்ணிப் பாருங்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அல்லது பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம். அது நள்ளிரவு வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ஒரு மின்விசிறிக்குக் கீழே நான்கைந்து பேர். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் கொசுவும் தெருவிளக்கும் லாரிச் சத்தமும் சேர்ந்தே வரும். மூடினால் மூச்சு முட்டும். மின்வெட்டு வந்தால் எல்லோரும் எழுந்து உட்கார வேண்டியதுதான். விடியுமுன் குழாயில் தண்ணீர் வருமென்றால் வீட்டுப் பெண்ணின் உறக்கம் அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டோர் கட்டியிருந்த கைப்பட்டைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, முப்பது டிகிரிக்கு மேல் போன இரவுகளில் மக்கள் சராசரியாகப் பதினான்கு நிமிடங்களை இழப்பதாகக் கண்டது. முதியவர்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளில் வாழ்பவர்களுக்கும் இழப்பு இன்னும் அதிகம். ஏசி உள்ள அறையில் அமர்ந்து உறக்க ஒழுக்கத்தைப் போதிப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது சத்தம். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலுக்கு மேல் ஒலி இருக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீசார் 2011 ஜூனில் நள்ளிரவில் கலைத்தது தொடர்பான வழக்கில், 2012-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் உறக்கத்தை அடிப்படை மனித உரிமையாகவே குறிப்பிட்டது. ஆனாலும் நள்ளிரவில் ஒலிபெருக்கி அலறினால் காவல் நிலையத்துக்குப் போன் செய்யப் பலரும் தயங்குகிறோம். எழுந்திருக்காவிட்டால் பாதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஆள் விழிக்காதபோதும் ஒவ்வொரு ஹாரன் ஒலிக்கும் இதயத் துடிப்பு துள்ளுகிறது, உறக்கம் ஒரு படி மேலேறிவிடுகிறது.

இரவுப் பணி தனிக் கதை. மில்லிலும் மருத்துவமனையிலும் காவல் பணியிலும் ஐடி நிறுவனங்களிலும் இரவில் விழித்திருப்பவர்களின் உள் கடிகாரம் வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தை அறிவது. அதைக் கட்டளையால் மாற்ற முடியாது. அந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகவே 2017-ல் மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் காரணிகளில் ஒன்றாக 2007-ல் வகைப்படுத்தியது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது.

நம் கையில் இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். காபியில் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி ஃபில்டர் காபியின் பாதி, படுக்கும் வேளையிலும் ரத்தத்தில் இருக்கும். மது கண்ணை மூட வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியைச் சிதைத்துவிடும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் நேரத்தைக் கூட்டினாலும் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கின்றன, பழக்கத்துக்கும் அடிமையாக்குகின்றன. மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், காலை வெயிலில் சற்று நிற்பதும் கடிகாரத்தை நிலைநிறுத்தும். வாரத்துக்கு மூன்று இரவுகளாவது உறக்கம் வராமல் மூன்று மாதம் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அதற்கு முதல் சிகிச்சையே மாத்திரை கிடையாது. உறக்கப் பழக்கங்களையும் அதைப் பற்றிய பதற்றத்தையும் மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சைதான்.

இவ்வளவும் செய்தாலும் ஓரறை வீட்டின் வெக்கை போய்விடாது. உறக்கம் உடைவதும் எளிதில் நிற்பதில்லை என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய பொருளியலாளர்கள் 2021-ல் இதை வெளியிட்டார்கள். குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் தரவு பதியும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் உறக்கமானி கட்டி, ஒரு மாதம் கவனித்தார்கள். இரவில் அவர்கள் படுக்கையில் இருந்தது சராசரியாக எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் முப்பது முறைக்கும் மேல் உறக்கம் கலைந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காதடைப்பான், கண்பட்டை, மெத்தை, மின்விசிறி போன்றவற்றோடு ஊக்கமும் அறிவுரையும் கொடுத்தார்கள். உறக்கம் நாளுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் அது படுக்கையில் கூடுதல் நேரம் இருந்ததால் கிடைத்ததே தவிர, உறக்கம் உடைவது குறையவில்லை. வேலைத் திறனிலோ, மனநிலையிலோ, சிந்தனையிலோ எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. வல்லுநர்கள் முன்கூட்டிக் கணித்ததற்கு இது நேர்மாறு.

பலன் கிடைத்தது வேறோர் இடத்தில். மற்றொரு பகுதியினரை வேலையிடத்திலேயே, அமைதியான இடத்தில், மதியம் அரை மணி நேரம் தூங்கவிட்டார்கள். அவர்களுடைய வேலை வேகம் கூடியது, கவனம் கூர்மையானது, மனநிலையும் மேம்பட்டது. ஒரு குறை உண்டு: தூங்கிய அரை மணி நேரம் வேலை நேரத்திலிருந்து கழிந்ததால், இடைவிடாமல் வேலை பார்த்தவர்களைவிட அவர்களின் சம்பளம் குறைந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் இயற்றியது. மதிய உறக்கத்துக்கான அரை மணி நேரத்தையும் அதேபோலச் சம்பளத்தோடு கூடிய நேரமாக, கோடையின் மூன்று மாதங்களுக்காவது, தொழிற்கூடங்களிலும் ஜவுளிக் கடைகளிலும் கட்டட வேலைத் தளங்களிலும் கொண்டுவர முடியும். அதற்குத் தேவை நிழலான ஓர் இடம், சில பாய்கள், ஒரு மின்விசிறி. அந்த அரை மணி நேரக் கூலியை முதலாளி ஏற்க வேண்டும்.